மெக்கானிக் ஆகணுமா? மலையகத்துல இருந்துகிட்டு ட்ரெயினிங் பாதைய தெரிவு செய்றது எப்பிடி: முழு வழிகாட்டி

ஓ.எல் ரிசல்ட் வந்து ஒரு வாரம் போகாது, யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ புள்ளைய கூட்டிகிட்டு கராஜுக்கு வந்துருவாங்க. "தம்பி, இவனுக்கு படிப்பு ஏறல, ஒங்ககிட்டயே வச்சி வேல பழக்கி விடுங்க"ன்னு சொல்லுவாங்க. தலவாக்கலைக்கு கிட்ட சின்னதா ஒரு கராஜ் வச்சிருக்கேன், அதுக்கு முன்னால ஒம்பது வருஷம் ஹட்டன் பக்கம் ஒரு பாஸ்கிட்ட வேல செஞ்சேன், அந்த ஒம்பது வருஷத்துல என் கையில ஒரு துண்டு சேர்டிபிகேட் கூட இல்ல. வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரே விஷயத்த சொல்லி சொல்லி, இப்ப எழுதியே வச்சிருவோம்னு ஒக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா ரெண்டு மூணு வருஷத்த காப்பாத்தும், பொறுமையா வாசிங்க.

மொதல்ல ஒண்ணு. படிப்பு ஏறாதவனுக்குத்தான் கராஜ்ங்கிற நெனப்ப வீட்டுல இருக்கவங்க விட்டுறணும். இன்னைக்கு ரோட்டுல ஓடுற அக்வா, வேகன்ஆர், வெசல் எல்லாத்துலயும் கம்பியூட்டர் இருக்கு. கணக்கும் கரண்டும் வெளங்காம அதுல கை வைக்க ஏலாது. அதே மாதிரி கோர்ஸ் முடிச்சிட்டா போதும்னு நெனக்கிறதும் பிழை. ஆறு மாசம் வகுப்புல ஒக்காந்த புள்ளைக்கு கொழுந்து லொறியோட பின் ட்ரம்ம கழட்ட சொன்னா திக்குமுக்காடும். அதனால கராஜா கோர்ஸான்னு கேக்காதீங்க. ரெண்டும் வேணும். எத முதல்ல எடுக்கிறது, எந்த பாஷையில படிக்கிறது, கடைசியில என்.வி.கியூ 4ங்கிற தொழில் சேர்டிபிகேட் கையில வருமா வராதா, இந்த மூணையும் கேளுங்க.

ரெண்டும் ஏன் வேணும்னா, ஒரு ப்ரேக் ஒயில் கதை

றம்பொட பக்கம் எறங்கி வந்த ஒரு வேன். ட்ரைவர் ப்ரேக்க மிதிச்சிகிட்டே வந்திருக்காரு, பாதி வழியில பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு, எப்பிடியோ கியர குறைச்சி ஓரம் கட்டிட்டாரு. கராஜுக்கு கொண்டாந்தப்போ லைனிங் நல்லா இருக்கு, வீல் சிலிண்டர் லீக் இல்ல, பெடலும் திரும்ப கெட்டியா நிக்குது. எங்க பாஸ் ஒயில பாத்தாரு, கறுத்திருக்கு, மாத்த சொன்னாரு, மாத்தினேன், வேன் போயிருச்சு. ஏன் மாத்தினோம்னு நான் கேக்கவும் இல்ல, அவரு சொல்லவும் இல்ல, அவருக்கு அவரோட பாஸ் அப்பிடித்தான் பழக்கியிருப்பாரு.

பல வருஷம் கழிச்சி ஒரு வகுப்புலதான் எனக்கு வெளங்கிச்சு. ப்ரேக் ஒயில் காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும். டொட் 3ங்கிற வகை ஒயில் புதுசா இருக்கப்போ கொதிக்க கொறஞ்சது 205 பாகை சூடு வேணும், தண்ணி சேந்து பழசானா 140லயே கொதிச்சிரலாம். டொட் 4னா 230ல இருந்து 155க்கு எறங்கும். எறக்கத்துல ட்ரம் சூடாகி அந்த சூடு ஒயிலுக்கு போகும், ஒயில் கொதிச்சி ஆவியாகும், ஆவிய அமுக்கினா அமுங்கிரும், அதான் பெடல் பஞ்சாகுது. ஆறினதும் ஆவி திரும்ப ஒயிலாயிரும், பெடலும் கெட்டியாயிரும், ஆனா ஆபத்து அப்பிடியே இருக்கும். மழையும் பனியும் விடாத நம்ம ஊருக்கு, எறக்கமே ரோடா இருக்க நம்ம ஊருக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சி பாருங்க. கராஜ் எனக்கு கைய குடுத்திச்சு, வகுப்பு காரணத்த குடுத்திச்சு. ரெண்டும் ஒரே வருஷத்துல கெடச்சிருந்தா எத்தனையோ ட்ரைவர்மாருக்கு ஒயில் மாத்தின கையோட எறக்கத்துல கியர்ல புடிச்சி வாங்கன்னும் சொல்லி அனுப்பியிருப்பேன்.

முதல் படி: என்.வி.கியூன்னா என்னான்னு வெளங்கிக்கோங்க

தேசிய தொழிற்தகைமை, அதான் என்.வி.கியூ. மொத்தம் 7 மட்டம். 1ல இருந்து 4 வரைக்கும் கைத்தொழில் சேர்டிபிகேட், 5உம் 6உம் டிப்ளோமா, 7 டிகிரி. 4 எடுத்தவரு யாரும் பக்கத்துல நின்னு சொல்லி குடுக்காம தனியா வேல செய்யக்கூடிய மெக்கானிக்னு அர்த்தம். கம்பனியில வேலைக்கு போனாலும் வெளிநாட்டுக்கு பைல் போட்டாலும் அதத்தான் கேப்பாங்க. 3ஓட நிக்கிற கோர்ஸ்ல சேந்தா 4க்கு எப்ப, எங்க போறதுன்னு சேர்ற அன்னைக்கே கேட்டு வச்சிக்கோங்க.

மெக்கானிக் மட்டும்தான் தொழில்னும் நெனக்காதீங்க. வாகன எலக்ட்ரீஷியன், ஏசி, டிங்கரிங், பெயின்டிங், மோட்டார் சைக்கிள் த்ரீவீலர் மெக்கானிக்னு தனித்தனியா தகைமை இருக்கு. நம்ம பக்கம் டவுனுக்கு டவுன் த்ரீவீலர் ஸ்டேண்ட் இருக்கு, ஒழுங்கா படிச்ச த்ரீவீலர் மெக்கானிக் ஒருத்தர தேடினா கெடைக்கிறது கஷ்டம். அதே மாதிரி வயரிங் தெரிஞ்ச ஆள். என்கிட்ட எந்த தொழில்னு கேட்டா எலக்ட்ரீஷியன் பக்கம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவேன், அதுவும் பொம்பள புள்ளைங்ககிட்ட. ஸ்கேனர், வயரிங், சென்சர் வேலைக்கு தோள் பலத்த விட பொறுமைதான் வேணும், எங்கிட்ட ஆறு மாசம் ட்ரெயினிங்ல இருந்த ஒரு தங்கச்சி பொடியன்மார் ரெண்டு பேர் கைவிட்ட ஷோர்ட் ஒண்ண மல்டிமீட்டரோட ஒக்காந்து அரை நாள்ல கண்டு புடிச்சிட்டா.

ரெண்டாவது: பேப்பர் எல்லாத்தையும் சரி பண்ணுங்க

இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா நம்ம புள்ளைங்க அதிகமா தடுக்கி விழுறது இங்கதான். பர்த் சேர்டிபிகேட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு, ஐடென்டி கார்டுல இன்னொரு பேரு. அப்பா பேருல ஒரு எழுத்து கூட, இல்லாட்டி ஒரு எழுத்து கொறய. தோட்டத்துல பொறந்தப்போ யாரோ சிங்களத்துலயோ இங்கிலிஷ்லயோ காதுல விழுந்த மாதிரி எழுதினது, இருபது வருஷம் கழிச்சி நேர்முகத்துல வந்து நிக்கும். பிரதேச செயலகத்துல பதிவாளர் பகுதிக்கு போயி திருத்துறதுக்கு காலம் எடுக்கும், ஓ.எல் எழுதி முடிச்ச கையோட அந்த வேலைய தொடங்கிருங்க. ஐடென்டி கார்டு, ஸ்கூல் விடுகை பத்திரம், ஓ.எல் ரிசல்ட், கிராம சேவகர் சேர்டிபிகேட், எல்லாத்துலயும் மூணு மூணு போட்டோ கொப்பி எடுத்து ஒரு பைல்ல போட்டு வைங்க.

ஓ.எல் பெயில்னா கதை முடிஞ்சிதுன்னு இல்ல. பெயிலானவங்களும் சேரக்கூடிய மெக்கானிக் கோர்ஸ் இருக்கு. ஆனா கணக்கு, விஞ்ஞானம் பாஸானா கதவு நெறைய தொறக்கும், இன்னொரு தடவ எழுத ஏலும்னா எழுதுங்க.

மூணாவது: என்னென்ன பாதை இருக்குன்னு பாருங்க

நைட்டா. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபைன்னு முழுப்பேரு. என்னைய கேட்டா மலையகத்து புள்ளைக்கு இதான் முதல்ல விசாரிக்க வேண்டிய இடம். காரணம், இவங்க முறையில புள்ளைய ஒரு வேலைத்தளத்துல, அது போக்குவரத்து சபை டிப்போவா இருக்கலாம், கம்பனி வேர்க்ஷொப்பா இருக்கலாம், நல்ல தனியார் கராஜா இருக்கலாம், அங்க பயிலுனரா சேத்து, ஒப்பந்தம் எழுதி, பழகிகிட்டே சேர்டிபிகேட் எடுக்க வழி செய்றாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒபீஸ் இருக்கு. டிப்போவுல பழகுறது தனி ருசி, லேலண்ட் பஸ் எஞ்சின ஒரு மாசத்துல எத்தனை தடவ தொறப்பாங்கன்னு போனாத்தான் தெரியும், ஏத்தத்துல க்ளச் பிளேட்டும் எறக்கத்துல ப்ரேக்கும் தேயுற மாதிரி கீழ்நாட்டுல தேயாது. வாகனத்துக்குன்னே நைட்டாவோட தனி நிலையம் ஒண்ணு ஒருகொடவத்தையில இருக்கு, கொழும்புல தங்க வசதி இருந்தா அதையும் பாருங்க.

அடுத்தது தொழிற்பயிற்சி அதிகார சபை, வி.டி.ஏன்னு சொல்லுவாங்க. 1995ஆம் வருஷத்து சட்டத்துல உருவானது, நாடு முழுக்க சின்னதும் பெருசுமா நிலையங்கள் இருக்கு. பொதுவா ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஆள் எடுப்பாங்க. வகுப்பு கொஞ்ச மாசம், அதுக்கப்புறம் வேலைத்தளத்துல பயிற்சி கொஞ்ச மாசம். வீட்டுல இருந்து போயி வரலாம்ங்கிறது இதுல இருக்க பெரிய வசதி. கண்டியிலயும் பதுளையிலயும் தொழில்நுட்ப கல்லூரி இருக்கு, ஹட்டன்ல தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு. அந்தந்த வருஷம் எந்த கோர்ஸ் ஓடுது, எந்த பாஷையிலன்னு போன்ல கேக்காம நேர்ல போயி கேளுங்க.

ஜேர்மன் டெக். மொறட்டுவையில இருக்க இலங்கை ஜேர்மன் தொழில்நுட்ப பயிற்சி நிறுவனம், 1959ல தொடங்கினது. இந்த நாட்டுல மெக்கானிக் படிப்புன்னா எல்லார் வாயிலயும் முதல்ல வர்ற பேரு. போட்டி கடுமை, பரீட்சையும் நேர்முகமும் இருக்கு, வருஷக்கணக்குல படிக்கணும். ஓ.எல்ல நல்ல ரிசல்ட் இருக்க புள்ளைன்னா கட்டாயம் விண்ணப்பம் போடுங்க, நமக்கெல்லாம் கெடைக்காதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணாதீங்க. கெடைக்கலன்னா ஒரு முத்திரை காசுதான் நட்டம்.

ஏ.எல் படிக்க ஏலும்னா தொழில்நுட்ப பிரிவுல பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கலாம். இல்லாட்டி என்.வி.கியூ 4ல இருந்து 5, 6ன்னு ஏறி, ரத்மலானையில இருக்க, யூனிவோடெக்னு சொல்ற தொழிற்கல்வி தொழில்நுட்ப பல்கலைக்கழகம் வரைக்கும் போகலாம். அது 2008ஆம் வருஷத்து சட்டத்துல வந்தது. கராஜ்ல தொடங்கின புள்ளையும் டிகிரிக்கு போக வழி இருக்குன்னு அம்மாமாருக்கு சொல்லுங்க, அவங்க மனசுல இருக்க பாரம் கொறயும்.

பெரிய வாகன கம்பனிகளும் சில பேரு சொந்தமா ட்ரெயினிங் ஸ்கூல் நடத்துறாங்க, டிமோ மாதிரி. அங்க கத்துகிட்டா அந்த கம்பனி வாகனத்துல கை நல்லா ஊறும்.

நாலாவது: தனியார் கோர்ஸ்னா, சல்லி கட்டுறதுக்கு முன்னால

இத நான் கோவத்தோடதான் எழுதுறேன். எங்க சித்தி முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சி, ரிட்டையராகி வந்த ஈ.பி.எஃப் சல்லியில மகன ஒரு டவுன்ல இருந்த தனியார் இடத்துல சேத்தாங்க. ஆறு மாசம், தங்க கலர் எழுத்து போட்ட சேர்டிபிகேட், கோட்டு போட்டு போட்டோ எல்லாம் எடுத்தாங்க. தம்பி அத கொண்டுகிட்டு கொழும்புல ஒரு கம்பனிக்கு போனா, என்.வி.கியூ எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த எடம் பதிவு செஞ்ச எடம்தான், பொய் இல்ல. ஆனா அந்த கோர்ஸ் அங்கீகாரம் இல்லாத கோர்ஸ்.

இந்த வித்தியாசத்த மனசுல நல்லா பதிய வைங்க. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல நிறுவனம் பதிவாகியிருக்கிறது ஒண்ணு, அந்த நிறுவனத்துல நீங்க சேரப்போற கோர்ஸ் என்.வி.கியூவுக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறது வேற ஒண்ணு. போர்டுல பதிவிலக்கம் போட்டிருக்குன்னு ஏமாந்துறாதீங்க. ஆணைக்குழுவோட வெப்சைட்ல ரெண்டையும் தேடி பாக்கலாம், இல்லாட்டி அந்த இடத்துலயே "இந்த கோர்ஸுக்கு அங்கீகார கடிதம் காட்டுங்க, எத்தனாவது மட்டம், எந்த தேதி வரைக்கும் செல்லும்"னு கேளுங்க. காட்ட யோசிச்சா எந்திரிச்சி வந்துருங்க. அரசாங்க இடத்துல சும்மாவோ சின்ன பீஸுக்கோ கெடைக்கிற அதே மட்டத்துக்கு கடன் வாங்கி கட்டாதீங்க. லண்டன் சேர்டிபிகேட்னு சொல்றதுல சிட்டி அண்ட் கில்ட்ஸ் மாதிரி நெசமானதும் இருக்கு, அது யாருக்கு தேவ, எந்த நாட்டுக்கு போறதுக்குன்னு தெரிஞ்சிகிட்டு எடுங்க.

அஞ்சாவது: இடத்த கண்ணால பாருங்க

சேர முன்னால ஒரு நாள் பஸ் ஏறி போயி வேர்க்ஷொப்புக்குள்ள நின்னு பாருங்க. எத்தனை புள்ளைக்கு ஒரு எஞ்சின்? அந்த எஞ்சின் ஓடுதா, இல்ல பெயின்ட் அடிச்சி ஸ்டேண்டுல நிக்குதா? போல்ட் தலையெல்லாம் புதுசா சுரண்டுன அடையாளத்தோட இருந்தா கை பட்டிருக்குன்னு அர்த்தம், தூசி படிஞ்சிருந்தா யாரும் தொடலன்னு அர்த்தம். ஸ்கேனர் கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி கெடக்கா, புள்ளைங்க கையில இருக்கா? ஹைபிரிட் வாகனம் ஒண்ணாச்சும் இருக்கா? படிக்கிற புள்ளைங்களோட கைய பாருங்க, கறுப்பு இருக்கணும். டீ குடிக்க வெளிய வர்றப்போ ரெண்டு பேர புடிச்சி "போன கிழமை என்ன கழட்டுனீங்க"ன்னு கேளுங்க, அவன் உடனே பதில் சொன்னா நல்ல இடம்.

அதோட கட்டாயம் பாஷைய கேளுங்க. சில இடத்துல தமிழ்னு போட்டிருக்கும், போனா சேர் சிங்களத்துல சொல்லி குடுப்பாரு, தமிழ் தெரிஞ்ச ஒரு புள்ள பக்கத்துல இருந்து காதுல சொல்லும். பாடம், நோட்ஸ், கடைசி மதிப்பீடு, இந்த மூணும் எந்த பாஷைன்னு தனித்தனியா கேளுங்க. மதிப்பீடு செய்றவர் கேள்வி கேட்டு அது வெளங்காம வேல தெரிஞ்ச புள்ள முழிச்சிகிட்டு நிக்கிறது ரொம்ப வேதனை. தமிழ்ல கேக்கிறது நம்ம உரிமை, வெக்கப்படாம கேளுங்க. அதுக்காக சிங்களம் வேணாம்னு சொல்லல, இந்த தொழில்ல பாதி கஸ்டமரும் பார்ட்ஸ் கடைக்காரரும் சிங்களத்துலதான் பேசுவாங்க, பேச்சு சிங்களம் ஒரு ஸ்பெனர் செட்டுக்கு சமம். சாமான் பேரு, ரிப்பேர் மெனுவல் எல்லாம் இங்கிலிஷ், அதையும் ஒரு கொப்பியில தினம் அஞ்சு சொல்லா எழுதி பழகுங்க.

ஆறாவது: ஏற்கனவே கராஜ்ல இருக்கவங்களுக்கு

பத்து வருஷமா வேல செய்றீங்க, பேப்பர் இல்லன்னா முதல்ல இருந்து கோர்ஸ் படிக்க தேவையில்ல. முன்கற்றல் அங்கீகாரம்னு ஒரு முறை இருக்கு, ஆர்.பி.எல்னு சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான் எடுத்தேன். நைட்டா மாவட்ட ஒபீஸ்ல விண்ணப்பம் போட்டு, பாஸ்கிட்ட வேல செஞ்ச கடிதம், செஞ்ச வேலையோட போட்டோ எல்லாம் பைல் பண்ணி குடுத்தேன், ஒரு நாள் கூப்புட்டு வேல செய்ய விட்டு பாத்தாங்க, செஞ்சிகிட்டு இருக்கப்பவே கேள்வியும் கேட்டாங்க.

வேலையில எனக்கு பிரச்சின வரல. வால்வ் க்ளியரன்ஸ், அதான் வால்வுக்கு விடுற இடைவெளி, ஏன் அவ்வளவு வைக்கணும்னு கேட்டப்போதான் வாய் அடைச்சி போச்சு. பீலர் கேஜ உள்ள விட்டு இழுக்கிறப்போ வர்ற புடிப்பு என் விரலுக்கு தெரியும், வால்வ் சூட்டுல நீளும், அதுக்கு இடம் விடணும்ங்கிறது வாயில வரல. மூணு மாசம் கழிச்சி திரும்ப போயித்தான் 4 எடுத்தேன். அதனால இன்னைக்கே தொடங்குங்க: செய்ற ஒவ்வொரு பெரிய வேலைக்கும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போட்டோ எடுங்க, தேதி, வாகனம், என்ன குத்தம், ஏன் வந்துச்சு, என்ன செஞ்சோம்னு ஒரு சீஆர் கொப்பியில நாலு வரி எழுதுங்க. அந்த "ஏன்" வரியத்தான் அவங்க கேப்பாங்க.

ஏழாவது: பழகுற காலத்துல எத விடாம கத்துக்கணும்

2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனியார் வாகனத்துக்கு திரும்ப வழி விட்டது 2025 பெப்ரவரியிலதான். அஞ்சு வருஷமா பழைய வாகனத்த வச்சே நாடு ஓடிச்சு, அதனால எஞ்சின் இறக்கி ஏத்துற வேல இன்னும் நெறய இருக்கு. ஆனா எங்க கராஜுக்கு வர்றதுல ஹைபிரிட் கூடிகிட்டே போகுது. அக்வாவோட பெரிய பெட்டரி 144 வோல்ட், 12 வோல்ட் பழக்கத்துல கை வச்சா உயிர் போகும். ஒரேஞ் கலர் வயர்ல கை வைக்க முன்னால அதுக்குன்னு இருக்க ரப்பர் கையுறை போட்டு, சேர்விஸ் ப்ளக்க கழட்டி, பத்து நிமிஷமாச்சும் விட்டு, மீட்டர் வச்சி பாத்துட்டுத்தான் தொடணும். இத யூடியூப் பாத்து கத்துக்காதீங்க, தயவு செஞ்சி. ஒழுங்கான கோர்ஸ்ல ஒருத்தர் பக்கத்துல நின்னு காட்டணும்.

ஸ்கேனர் வந்ததும் எல்லாம் அதுவே சொல்லிரும்னு நெனக்கிறாங்க. பி0300னு கோட் வந்தா எஞ்சின் மிஸ்பயர் ஆகுதுன்னு மட்டும்தான் சொல்லுது. ப்ளக்கா, கொய்லா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனான்னு தேடுறது ஒங்க வேல. கோட் வந்த ஒடனே கொய்ல் நாலையும் மாத்த சொல்ற மெக்கானிக் கஸ்டமரோட சல்லிய வீணாக்குறான், அப்பிடி ஆகாதீங்க.

நம்ம உயரத்துக்குன்னு ஒரு பாடமும் இருக்கு. நுவரெலியா 1,868 மீட்டர், அங்க தண்ணி 94 பாகைக்கு கிட்டயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அமுக்கத்த புடிச்சி வைக்கிறதாலதான் எஞ்சின் தண்ணி கொதிக்காம நிக்குது. மூடியோட ரப்பர் செத்தா, ஏத்தத்துல தண்ணி கொதிச்சி, ஹெட் கெஸ்கட் வரைக்கும் போகும். கீழ்நாட்டுல தப்பிச்சிகிட்ட மூடி இங்க வந்து மாட்டும். மலையில பழகுற புள்ள இத முதல் மாசத்துலயே கத்துக்கணும்.

எட்டாவது: சம்பளம், ஒப்பந்தம், வெளிநாடு

கராஜ்ல பழக சேக்குறப்போ வாய் வார்த்தையில சேக்காதீங்க. எத்தனை மாசம், கைச்செலவு எவ்வளவு, எந்த மாசத்துல இருந்து சம்பளம், காயம் பட்டா யார் பாக்குறதுன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க. சம்பளத்துக்கு வந்துட்டா ஈ.பி.எஃப் ஒங்க பக்கம் 8 வீதம், முதலாளி பக்கம் 12, அதோட ஈ.டி.எஃப் 3 முதலாளிதான் கட்டணும். ரெண்டு வருஷமா டீ வாங்கவும் தரை கூட்டவும் மட்டும் வச்சிருக்க இடத்துல புள்ளைய விட்டு வைக்காதீங்க. ஆறு மாசத்துல தனியா சேர்விஸ் போட தெரியல, ஒரு வருஷத்துல ப்ரேக் வேல தனியா செய்ய விடலன்னா இடத்த மாத்துங்க, பாஸ் கோவிச்சாலும் பரவாயில்ல.

வெளிநாட்டு ஆசை இருந்தா என்.வி.கியூ 4, அதோட ரெண்டு வருஷமாச்சும் அனுபவம், அதுக்கப்புறம் வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல பதிஞ்ச ஏஜென்சி. ஜப்பான்ல 2019ல தொடங்கின திறன்சார் தொழிலாளர் விசாவுல வாகன பராமரிப்பும் ஒரு துறையா இருக்கு, அதுக்கு தொழில் பரீட்சையும் என்4 அளவுக்கு ஜப்பான் பாஷையும் வேணும், பாஷைக்குத்தான் அதிக காலம் போகும், அத முதல்ல தொடங்குங்க.

கடைசியா டூல்ஸ். முதல் கைச்செலவு வந்ததும் போன் மாத்தாதீங்க. 8ல இருந்து 19 வரைக்கும் ரிங் ஸ்பெனர், ஒரு சொக்கட் செட், ஒரு மல்டிமீட்டர், ஒரு பீலர் கேஜ், தலையில கட்டுற டோர்ச் ஒண்ணு, கால்ல கெட்டி சப்பாத்து. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்க ஏலாது, மாசம் ஒண்ணா வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஒங்க பேரோட முதல் எழுத்த வெட்டி வைங்க. நாலு பேரு வேல செய்ற கராஜ்ல 12 ஸ்பெனர்தான் முதல்ல காணாம போகும்.